உழு என்னும் வினை: பொருளும் வழக்கும் தோற்றமும்

தமிழில் நாள்தோறும் வழங்கும் வினைச்சொற்களுள் ‘உழு’ என்பதும் ஒன்று. உழுதான், உழுகின்றான், உழுவான் என முக்காலமும் ஏற்று, உழவு, உழவன், உழத்தி, உழுநர் எனப் பெயர்களையும் ஈன்று, சங்க காலம் முதல் இன்றுவரை இடையறாது வாழ்ந்துவரும் சொல் இது. எல்லார்க்கும் விளங்கும் சொல் ஆதலின் இதனை ஆராயவேண்டும் என்னும் எண்ணம் எளிதில் எழுவதில்லை. அருஞ்சொற்களுக்கு உரை தேடும் நாம், எளிய சொற்களுக்குப் பொருள் தெரியும் என்று கருதிக் கடந்து சென்றுவிடுகிறோம். ஆயின், ‘உழு’ என்றால் ஏர் பூட்டி நிலத்தைக் கீறுதல் என்று மட்டும் கொண்டால், பழம்பாடல்கள் சிலவற்றுக்கு உரை காண்பதில் இடர்ப்பாடு நேர்கின்றது. மலைநாட்டு மக்களின் வேளாண்மையைப் புரிந்துகொள்வதிலும் பிழை நேர்கின்றது. ஆகவே இச்சொல்லின் பொருளையும் வழக்கையும் தோற்றத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையில் வழங்கும் இரு சொற்கள்

கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கெல்லையாக நிற்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இது சேலம் மாவட்டத்துள்ளும் பரந்து கிடக்கின்றது. கோமுகி, மணிமுத்தா என்னும் ஆறுகளுக்கு நீர் தருவதும் இம்மலையே. இங்கு வாழும் பழங்குடியினர் ‘மலையாளிகள்’ எனப்படுவர். மலையை ஆள்வோர் என்பது இப்பெயரின் பொருள்; சேரநாட்டு மொழியினர் என்பதன்று. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்பது இவர்களிடையே வழிவழி வரும் கதை.

மலையாளிகள் வாழும் மலைகளில் விளைநிலத்தை வகைப்படுத்தும் சொற்கள் இரண்டு உள்ளன. ஒன்று உழவுக்காடு, மற்றொன்று கொத்துக்காடு. மாடு பூட்டி ஏர் ஓட்டுதற்கு ஏற்றவாறு ஓரளவு சமமாய் அமைந்த நிலம் உழவுக்காடு. சரிவு மிகுந்தும் கல் நிறைந்தும் ஏர் செல்ல இயலாதவாறு கிடக்கும் நிலம் கொத்துக்காடு. இங்கு மண்ணைக் கையால் கொத்தியே விதைப்பர். காட்டை வெட்டிச் சுட்டு விதைக்கும் நிலத்தைப் புனக்காடு என்றலும் உண்டு. சாமை, தினை, வரகு, கேழ்வரகு ஆகியன இந்நிலங்களின் பழைய பயிர்கள்.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. சமவெளியில் ‘உழவு’ என்னும் சொல் வேளாண்மை முழுவதையும் குறிக்கும். ‘உழவுத் தொழில்’ என்றால் விதைத்தல், களை எடுத்தல், நீர் பாய்ச்சல், அறுத்தல் எல்லாம் அதனுள் அடங்கும். திருக்குறளில் 104-ஆம் அதிகாரத்தின் பெயர் ‘உழவு’. ஆயின் அதனுள் எருவிடுதலும் களை கட்டலும் நீர் விடுதலும் காத்தலும் பேசப்படுகின்றன. தொல்காப்பிய மரபியலும் வேளாண் மாந்தர்க்கு உழுதுண்ணும் வாழ்வையே உரியதாகக் கூறும். ஒரு தொழிலின் முதற்செயல் தொழில் முழுவதற்கும் பெயராகியது. மலையிலோ இச்சொல் அங்ஙனம் விரியவில்லை. ‘கொத்து’ என்பதற்கு எதிராக நின்று, நிலத்தைத் திறக்கும் முறைகள் இரண்டனுள் ஒன்றையே ‘உழவு’ குறிக்கின்றது. ஒரே சொல் மலையடியில் பரந்த பொருளும் மலைமேல் குறுகிய பொருளும் பெற்று வழங்குகின்றது என்க.

வடிவமும் இனச்சொற்களும்

‘உழு’ என்பதன் வடிவத்தை முதலில் வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். இஃது உழுத என இறந்தகாலம் கொள்ளும். இதனோடு ஒலியால் நெருங்கிய ‘உழ’ என்னும் வினை உழந்த என இறந்தகாலம் கொள்ளும். வருந்துதல், முயலுதல் என்பன அதன் பொருள். உழப்பு, உழை என்பன அதன் பக்கத்தன. வள்ளுவர் உழவதிகாரத்தின் முதற்குறளில் இவ்விரு வினைகளையும் அருகருகே வைத்துச் சொல்நயம் காட்டினார். அந்நயத்தை மெய்யான பிறப்புறவு என்று கொண்டு, உழைத்தலிலிருந்தே உழவு வந்தது என்று கூறுவோர் பலர். காலங்காட்டும் முறையில் இரு வினைகளும் தெளிவாக வேறுபட்டு நிற்றலால் அவ்வாறு கொள்ளுதற்கு இடமில்லை. உழுதலில் உழைப்பு உண்டு என்பது உலகியல் உண்மை. அது சொற்பிறப்புக்குச் சான்றாகாது.

அவ்வாறே உழுந்து, உழுவை, உழுவல் முதலிய சொற்கள் ‘உழு’ என்று தொடங்குதல் பற்றி அவற்றையும் இவ்வினையோடு இணைத்தல் தகாது. உழுந்துக்குக் கன்னடத்தில் ‘உத்து’ எனவும் தெலுங்கில் ‘உத்துலு’ எனவும் தனித்த இனச்சொற்கள் உள்ளன. ஒலியொப்புமை ஆய்வைத் தொடங்கி வைக்கலாம். முடித்து வைத்தல் இயலாது.

இனி, உழு என்பதன் இனச்சொற்களை நோக்குவோம். மலையாளத்தில் ‘உழுக’, கன்னடத்தில் ‘உழு’, ‘உளு’. தெலுங்கில் ‘துன்னு’, உழவு அங்கே ‘துக்கி’ எனப்படும். முதல் நோக்கில் தெலுங்குச் சொல் வேறு போலத் தோன்றும். ஆயின் அம்மொழியில் முதலுயிரும் அடுத்த மெய்யும் இடம் மாறுதல் பெருவழக்கு. நம் ‘இரண்டு’ அங்கே ‘ரெண்டு’ ஆயிற்று. ‘உள்’ என்பது ‘லோ’ ஆயிற்று. அம்முறையால் உழு என்பதன் ழகரம் சொல்லின் முதலில் வந்து தகர ஒலியாய்த் திரிந்தது. நடுவிந்தியாவில் வழங்கும் கோலாமி மொழியில் ‘உர்’ என்பது உழுதற்பொருளது. சோட்டா நாகபுரி மேட்டுநிலத்துக் குருக் மொழியில் ‘உயினா’ என்பது உழுதல். இராசமகால் குன்றுகளில் வழங்கும் மால்தோ மொழியில் ‘உசெ’ என்னும் சொல் உண்டு. பன்றி நிலத்தைக் கிளறிப் புரட்டுதல் என்பது அதன் பொருள். பர்ரோ, எமனோ ஆகிய இருவரும் 1961-இல் வெளியிட்டு 1984-இல் திருத்திப் பதிப்பித்த திராவிடச் சொற்பிறப்பகராதி இவையனைத்தையும் ஓரினமாகத் தொகுத்துள்ளது.

தென்கோடியிலிருந்து கங்கைக்கரைக் குன்றுகள் வரை இச்சொல் பரவியிருத்தலால், திராவிட மொழிகள் தனித்தனியே பிரியுமுன்பே இவ்வினை வழக்கில் இருந்தது என்பது பெறப்படும். எஞ்சி நிற்கும் வினா, அப்பழங்காலத்தில் அதன் பொருள் யாது என்பதே.

பன்றி உழுத நிலம்

மால்தோவில் பன்றிக்கு உரிய இவ்வினை, பழந்தமிழிலும் பன்றிக்கு உரியதாய் வந்துள்ளமை எண்ணத்தக்கது. புறநானூற்று 168-ஆம் பாடல் பிட்டங்கொற்றனைக் கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் பாடியது. மலைச்சாரலில் காந்தட் கிழங்கைத் தேடிக் காட்டுப்பன்றி தன் இனத்தோடு நிலத்தைக் கிண்டுகின்றது. அங்ஙனம் அது உழுத புழுதியில், நல்ல நாள் பார்த்துக் குறவர் தாம் உழாமலே தினை விதைக்கின்றனர். பன்றியின் செயலுக்கு ‘உழுத’ என்றும், குறவர் செய்யாது விட்டதற்கு ‘உழாது’ என்றும் ஒரே வினையைப் புலவர் இருகால் ஆண்டுள்ளார். மலரைக் கிண்டும் வண்டுக்கும் இவ்வினை இலக்கியத்தில் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் பன்றி நிலத்தைக் கிளறுதலையும் வண்டு மலரைக் கிண்டுதலையும் இச்சொல்லின் பொருள்களாகக் குறித்துள்ளது.

இவற்றுக்கு உரை கூறுங்கால், பன்றி ஏர்போலக் கீறிற்று என உவமையாகக் கொள்வதே வழக்கம். அஃதாவது, கருவியால் உழுதலே முதற்பொருள். விலங்கின் செயல் அதனின்றும் ஏற்றிச் சொல்லப்பட்டது என்பது கருத்து. இதற்கு மாறாக, நிலத்தைக் கிளறிப் புரட்டுதலே முதற்பொருள். ஏரால் செய்யும் செயல் பிற்காலத்தில் அதனுள் சிறந்து, பொருளைத் தன்பால் ஒடுக்கிக்கொண்டது எனக் கொள்ளுதலும் கூடும். இவ்விரண்டனுள் ஏற்புடையது யாது?

முதற்கருத்துக்குச் சார்பாகக் கூறத்தக்கன உள. உழவர், உழுநர் என்னும் பெயர்கள் சங்க நூல்களிலேயே ஏருடையாரைக் குறிக்கின்றன. மேற்காட்டிய புறப்பாட்டின் சுவையும், ஏருழவு என்னும் பொருள் கேட்போர் நெஞ்சில் முந்தி நிற்றலாலேயே பிறக்கின்றது. மனிதன் உழவில்லை, பன்றி உழுதது என்பதில் உள்ள நகையை வேறெவ்வாறு விளக்குவது? மால்தோ மக்கள் ஏரைக் கைவிட்டமையால் அவர்தம் சொல் பன்றியளவில் சுருங்கிற்று என்று கூறவும் இடமுண்டு. ஆகவே சங்கப் பாடலையோ மால்தோ சொல்லையோ தனித்தனியே கொண்டு முடிவு கூறுதல் பொருந்தாது.

எனினும் சான்றுகளை ஒருங்கே வைத்து நோக்கின் இரண்டாம் கருத்தே வலிமையுடையதாகத் தோன்றுகின்றது. அதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, ஒன்றோடொன்று தொடர்பற்றுப் பிரிந்து நிற்கும் இரு மொழிகளில், தென்கோடியிலும் வடகோடியிலும், ஒரே விலங்கின் ஒரே செயலுக்கு ஒரே வினை வழங்குகின்றது. இரண்டிடத்தும் தனித்தனியே உவமை தோன்றிற்று என்பதினும், இரண்டும் பழம்பொருளைப் போற்றின என்பது எளிய விளக்கமாகும்.

இரண்டாவது, வினைக்கும் கருவிக்கும் சொல்லுறவு இல்லை. ஏர், நாஞ்சில், கலப்பை, மேழி, கொழு எனக் கருவிக்கும் அதன் உறுப்புகளுக்கும் பெயர்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றேனும் ‘உழு’ என்பதினின்றும் பிறந்ததன்று. ‘உழு’ என்பதும் அவற்றினின்றும் பிறந்ததன்று. ஆகவேதான் ‘ஏரால் உழுதான்’ என்று கருவியைத் தனியே கூட்டிச் சொல்ல வேண்டியுள்ளது. கொத்துதற்கு உரிய கருவி களைக்கொத்து எனப்படுதலோடு இதனை ஒப்பிடுக. அங்கே வினையே கருவிப்பெயரினுள் நிற்கின்றது.

மூன்றாவது, ‘உழவாரம்’ என்னும் சொல். திருநாவுக்கரசர் கையில் ஏந்தியதாகப் போற்றப்படும் இக்கருவி புல்லைச் செதுக்குவது. மாடு பூட்டுவதன்று, சால் போடுவதன்று. எனினும் அதன் பெயரில் ‘உழ’ என்பது முன்னிற்கின்றது. நிலத்தின் மேற்பரப்பைக் கீறிக் கிளறும் செயலெல்லாம் உழுதலே என்னும் பழைய விரிபொருளின் எச்சம் அது எனக் கொள்ளலாம்.

ஆங்கில வினையோடு ஓர் ஒப்பீடு

வினைக்கும் கருவிக்கும் உள்ள உறவை ஆராய ஆங்கிலம் நல்லதோர் ஒப்பீடு தருகின்றது. இன்று அம்மொழியில் ‘ப்ளவ்’ என்னும் ஒரே சொல் கலப்பையையும் உழுதலையும் குறிக்கும். ஆயின் பழைய ஆங்கிலத்தில் கருவிக்கு ‘சுல்ஹ்’ என்றும் வினைக்கு ‘எரியன்’ என்றும் வேறு வேறு சொற்கள் இருந்தன. பின்னர் ‘ப்ளவ்’ என்னும் பெயர் வந்து கருவியைக் குறித்தது. காலப்போக்கில் அப்பெயரே வினையாகி, பழைய வினையை வழக்கினின்றும் அகற்றியது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் ‘இயர்’ என்னும் வடிவில் அப்பழவினை இன்னும் காணப்படுகின்றது. இன்று அஃது அகராதியில் மட்டுமே வாழ்கின்றது. அங்கே கருவி வினையை வென்றது. தமிழிலோ ஏர், நாஞ்சில், கலப்பை எனக் கருவிப்பெயர்கள் மாறி மாறி வழங்கியும், வினை ஒன்றாகவே நின்றது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எரியன் என்பதற்கு இலத்தீனில் ‘அராரே’ என்பது இனச்சொல். இவற்றைத் தமிழ் ‘ஏர்’ என்பதோடு ஒப்பிட்டு உறவு கூற விழைவோர் உளர். இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் அச்சொல் வினையாகவே தொடங்கித் தனக்கென ஒலிவரலாறு உடையதாய் நிற்கின்றது. தமிழ் ‘ஏர்’ என்பதோ கருவியின் பெயர். ஓரசையில் உள்ள ஒலியொற்றுமை கொண்டு இருமொழிக் குடும்பங்களை இணைத்தல், உழுந்தை உழவோடு இணைத்தலை ஒக்கும்.

கபிலர் காட்டும் இருநிலம்

கல்வராயன் மலையின் உழவுக்காடு, கொத்துக்காடு என்னும் பகுப்பை மனத்திற் கொண்டு கபிலரை மீண்டும் படித்தல் பயனுடைத்து. கபிலர் பெயர் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு அயலானதன்று. பாரி இறந்தபின் அவன் மகளிரோடு அவர் வந்தடைந்த திருக்கோவலூர் இம்மாவட்டத்திலேயே உள்ளது. தென்பெண்ணையாற்றில் நிற்கும் பாறை ‘கபிலர் குன்று’ எனப்படுகின்றது. திருக்கோவலூர் வீரட்டானத்து முதல் இராசராசன் காலக் கல்வெட்டு, பாரி மகளை மலையனுக்கு அளித்துக் கபிலர் தீப்புகுந்த செய்தியைக் கூறுகின்றது.

அவர் பறம்பு மலையைப் பாடிய பாட்டுகளுள் இரண்டை ஒப்பிடுவோம். புறநானூறு 109-இல், உழவர் உழாத விளைபொருள் நான்கு அம்மலைக்கு உண்டு என்று கூறி, மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என எண்ணுகின்றார். 120-இலோ, அதே மலையின் செம்மண் மேட்டு நிலத்தை மழை ஈரத்தில் புழுதி கலக்கும்படி பலகால் உழுது வித்தி, பல்லி என்னும் கருவி கொண்டு கிளறிக் களை எடுத்து, வரகும் தினையும் விளைவித்தலைப் பாடுகின்றார். ஒரு பாட்டில் உழாத மலை; மற்றொன்றில் பலகால் உழுத மலை. இவை முரண்போலத் தோன்றும். முன்னது முற்றுகையிட்ட வேந்தரை நோக்கிக் கூறியது. உழவு தடைப்பட்டாலும் மலை பசியாது என்பது அதன் குறிப்பு. பின்னது வளம் இழந்தபின் இரங்கிக் கூறியது. பாடற்சூழலோடு நில இயல்பையும் சேர்த்து நோக்கின் முரண் முற்றும் நீங்கும். ஒரே மலையில் உழும் நிலமும் உழா நிலமும் ஒருங்கிருத்தல் இயல்பு என்பதைக் கல்வராயன் மக்களின் சொற்களே நமக்குக் கற்பிக்கின்றன.

இன்னொன்றும் நோக்குக. சாத்தனார் பாட்டிலும் கபிலரின் 120-ஆம் பாட்டிலும் உழுதலின் விளைவாகக் கூறப்படுவது புழுதி. வள்ளுவரும் புழுதி காய்தலின் பயனை ஒரு குறளில் விதந்து கூறினார். உழு என்னும் வினையின் பொருளை அதன் கருவியில் தேடுவதினும் அதன் விளைவில் தேடுதல் நன்று. கீழ்மண் மேல்வந்து பொடியாதலே உழுதலின் பயன். அதனைப் பன்றி செய்யினும் ஏர் செய்யினும் வினை ஒன்றே.

இன்றைய வழக்கு

பேச்சுவழக்கில் இன்று ‘உழுதான்’ என்பதினும் ‘ஏர் ஓட்டினான்’, ‘உழவு ஓட்டினான்’ என்பனவே மிகுதியாகக் கேட்கப்படுகின்றன. டிராக்டர் வந்தபின் ‘ஓட்டு’ என்பது மேலும் வலுப்பெற்றது. எனினும் பெயர்ச்சொல்லாகிய உழவு தளரவில்லை. கோடை உழவு, புழுதி உழவு, சேற்றுழவு என வகையும், ஓருழவு, ஈருழவு என எண்ணும் வழங்குகின்றன. நிலம் உழுதற்கேற்ற பதம் பெறுமளவு பெய்த மழை ‘உழவு மழை’ எனப்படும். வினை பேச்சில் மெலிய, அதன் பெயர் வேறொரு வினையைத் துணைக்கொண்டு வாழ்கின்றது. வில்லேருழவர், சொல்லேருழவர் என வள்ளுவர் காட்டும் உருவக வழக்கும் இவ்வாறே பெயரின் வழியே நிலைத்தது.

முடிவுரை

இவ்வாராய்ச்சி சொல்லளவில் முடிவதன்று. கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்து, 1976-இல் அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது. நில உரிமை அங்கு இன்றும் வாழ்வுச் சிக்கலாகவே உள்ளது. 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்னரே வனநிலத்தைத் தம் கைக்கொண்டு வாழ்ந்துவந்த பழங்குடியினரின் உரிமையை ஏற்கின்றது. அதன் விதிகள் ஊர்ப் பெரியோரின் வாய்மொழியை எழுத்தில் பெறுதலையும் சான்றாகக் கொள்ளும். கொத்துக்காட்டில் விதைத்து உண்ட முதியவர் ஒருவரிடம், ‘இந்நிலத்தை உழுதீர்களா?’ என்று சமவெளித் தமிழில் வினவினால், ‘உழவில்லை’ என்றே அவர் உண்மை உரைப்பார். கேட்டவர் ‘பயிர் செய்யவில்லை’ என்று எழுதிக்கொண்டால், ஒரு சொல்லின் இருபொருளிடையே ஒரு குடும்பத்தின் நிலம் மறைந்துபோகும். உழாத நிலம் விளையாத நிலமன்று என்பதைச் சாத்தனாரும் கபிலரும் நன்கறிந்திருந்தனர்.

மரவள்ளியும் டிராக்டரும் மலைமேல் ஏறிவிட்டன. புனக்காடு அருகிவிட்டது. கொத்துக்காடு என்னும் சொல்லை வாழ்ந்து அறிந்தோர் முதியோரே. முதுகலை மாணவர் சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணையை நூலகத்தில் ஆராய்வதோடு அமையாது, வெள்ளிமலைக்கும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களுக்கும் சென்று, நிலத்துக்கும் மண்ணுக்கும் விதைப்புக்கும் உரிய வினைச்சொற்களை அவர்கள் வாயிலாகவே கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். பெயர்ச்சொற்களைத் திரட்டுவார் பலர். வினைச்சொற்களைத் திரட்டுவார் சிலரே. செயல் மறைந்தால் வினை மறையும். வினை மறைந்தால் பழம்பாட்டின் பொருளும் நமக்கு மறையும். ‘உழு’ என்னும் எளிய சொல் ஒன்றே இத்துணைச் செய்தி கூறுமாயின், கேட்கப்படாது கிடக்கும் பிற வினைகள் கூறக்கூடியன எத்துணையோ!